சமயப் பெரியோரின் பெயருக்கு முன்னால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து திருவொற்றியூர்த் தேரடி வரை செல்பவர், குடமுழுக்கு, ஆலயத் திருவிழா, இஃப்தார், கண்ணீர் அஞ்சலி என்று வழிநெடுகப் பதாகைகளைக் காணலாம். பெயர்களை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கும் விழாக்குழுவினர், பெயருக்கு முன்னால் வரும் சொல்லை மட்டும் ‘மரியாதையாகத்தானே போட்டிருக்கிறோம்’ என்று விட்டுவிடுகிறார்கள். அச்சொல் பெரும்பாலும் ஒரு பொறுப்பின் பெயர். பொறுப்பை மாற்றி எழுதிவிட்டால், எவ்வளவு பணிவாக எழுதியிருந்தாலும் அது தவறான தகவலே.

அதிகம் குழப்புவது ‘பேராயர்’ என்னும் சொல். கத்தோலிக்கத் திருச்சபையில் மறைமாவட்டத்தின் தலைவர் ஆயர். உயர்மறைமாவட்டத்தின் தலைவர் பேராயர். ராயபுரம் புனித இராயப்பர் ஆலயமும் பெரம்பூர் லூர்து அன்னை திருத்தலமும் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே அவற்றின் விழா அழைப்பிதழில் உயர்மறைமாவட்டத் தலைவரைப் பேராயர் என்று குறிப்பது முறை. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையிலோ, கத்தோலிக்கர் ஆயர் என்று சொல்லும் நிலையில் உள்ளவரே பேராயர் எனப்படுகிறார். அங்கே ‘ஆயர்’ என்றால் ஓர் ஆலயத்துக்குப் பொறுப்பான குருவானவர். நல்லிணக்கக் கூட்டத்து மேசையில் ‘ஆயர்’ என்று இரண்டு பெயர்ப்பலகைகள் வைத்தால், ஒருவர் ஒரு மறைமாவட்டம் முழுவதற்கும் தலைவராகவும் மற்றவர் ஒரு தெருவிலுள்ள ஆலயத்தைக் கவனிப்பவராகவும் இருக்கக்கூடும். எந்தத் திருச்சபை என்பதைப் பெயரோடு சேர்த்து எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அதே காரணத்தால் தென்னிந்தியத் திருச்சபைக் குருவானவரை ‘அருட்தந்தை’ என்று எழுதக் கூடாது. ‘அருட்திரு’ என்பதே அவர்கள் வழக்கம். பெந்தெகொஸ்தே சபையாருக்குப் போதகர் அல்லது பாஸ்டர். கத்தோலிக்கக் குருவை நேரில் ஃபாதர் என்று அழைத்துவிட்டு அழைப்பிதழில் அருட்தந்தை என்றோ அருள்பணியாளர் என்றோ எழுதுவது சரி. ஆனால் ‘ரெவரெண்ட் ஃபாதர் அருட்தந்தை இன்னார் அவர்கள்’ என்று ஒரே வரியில் அனைத்தையும் அடுக்கியிருக்கும் பதாகைகளுக்கு வண்ணாரப்பேட்டையில் பஞ்சமில்லை. (இலக்கணப்படி ‘அருட்டந்தை’ என்று வர வேண்டும் என்பார்கள் புலவர்கள், அந்த வழக்கில் நான் வாதாடப் போவதில்லை.) கன்னியர் அருட்சகோதரிகள்; மடத்தின் தலைவியைத் தவிர மற்றவர்களை ‘மதர்’ என்று எழுத வேண்டியதில்லை. ஸ்டான்லி மருத்துவமனையில் செவிலியரையும் சிஸ்டர் என்றே அழைப்பதால், ‘சிஸ்டர்’ என்று மட்டும் எழுதப்பட்ட பெயர் யாருடையது என்பது வாசிப்பவருக்கு விளங்காது.

ஆலயங்களின் பெயர்களிலும் இதே கவனம் வேண்டும்: கத்தோலிக்கரின் பழைய வழக்கில் இராயப்பர், சின்னப்பர், சூசையப்பர், அதே மூவரும் சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபையாரின் வழக்கில் முறையே பேதுரு, பவுல், யோசேப்பு.

பள்ளிவாசலைப் பொறுத்தவரை, கண்ணில் படுபவர் அனைவரையும் இமாம் ஆக்கிவிடுவதே வழக்கமான பிழை. தொழுகையை முன்னின்று நடத்துபவர் இமாம். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்பவர் மோதினார். பள்ளிவாசலுக்கு அறக்கொடையாக வந்த வக்ஃபு சொத்தையும் நிர்வாகத்தையும் கவனிப்பவர் முத்தவல்லி. முத்தவல்லி கடை வைத்திருப்பவராகவும் இருக்கலாம். அவருக்கு மார்க்கக் கல்விப் பட்டம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. மதரசாவில் பாடத்திட்டத்தை முடித்தவர் ஆலிம். குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தவர் ஹாபிழ். ஒருவர் இரண்டுமாகவும் இருக்கலாம். ‘உலமா’ என்பது ஆலிம் என்பதன் பன்மை. ‘உலமாக்கள்’ என்னும் வடிவம் அரசு நலவாரியத்தின் பெயர் வரை நிலைத்துவிட்டதால் அதை எதிர்ப்பதில் பயனில்லை. ஆனால் தனி ஒருவரை ‘உலமா இன்னார்’ என்று எழுதுவது பிழை. மண்ணடிக் கடைகளில் ‘பாய்’ என்று அழைப்பது இயல்பே. இமாமை மேடைக்கு அழைக்கையில் ‘ஹஜ்ரத்’ என்பதுதான் பொருத்தம். நபிகள் நாயகத்தின் பெயரை அடுத்து ‘ஸல்’ என்றும் நபித்தோழர் பெயரை அடுத்து ‘ரலி’ என்றும் வாழ்த்துரைகளின் சுருக்கங்கள் வரும். இவை இடம் மாறிவிட்டால் பதாகையை மறுபடி அச்சிடுவதைத் தவிர வழியில்லை.

கோயில் என்றதும் ‘ஐயர்’ என்று எழுதுவது பழக்கத்தால் நேர்வது. ஐயர் என்பது சாதியைக் குறிக்கிறது. பொறுப்பின் பெயர் அர்ச்சகர். தம்புச் செட்டித் தெருவிலுள்ள காளிகாம்பாள் கோயிலில் பூசை செய்பவர்கள் விசுவகர்ம மரபினர். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பல சாதியினரையும் அர்ச்சகர்களாக நியமித்தது. சிவன் கோயிலில் குருக்கள் அல்லது சிவாச்சாரியார், பெருமாள் கோயிலில் பட்டர் அல்லது பட்டாச்சாரியார், பேட்டைக்குள் இருக்கும் அங்காளம்மன் கோயிலில் பூசாரி. பூசாரி என்பதைத் தாழ்வாக எண்ணி, பம்பையும் உடுக்கையும் ஒலிக்க அம்மனை அழைக்கும் பெரியவரைக் ‘குருக்கள்’ என்று உயர்த்தி எழுதுவோரும் உண்டு. தலைமுறைகளாகப் பூசாரி வீடு என்றே அறியப்படும் குடும்பத்துக்கு அது சிறப்புச் செய்வதாகாது. தேவாரம் பாடும் ஓதுவாரை அர்ச்சகர் பட்டியலில் சேர்ப்பதும், அறங்காவலரைப் பூசை செய்பவராகக் கருதுவதும் இவ்வகைப் பிழைகளே. ஆதீனம் என்பது மடம்; அதன் தலைவர் ஆதீனகர்த்தர் அல்லது குருமகா சந்நிதானம். ‘ஆதீனம் கூறினார்’ என்று செய்தித்தாள்கள் எழுதி எழுதிப் பழக்கிவிட்டன. அழைப்பிதழிலாவது சரியாக எழுதலாம்.

சமயம் சாராத பெரியோர் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்ம விருதுகள் பட்டங்கள் அல்ல, அவற்றைப் பெயருக்கு முன்னும் பின்னும் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. ‘பத்மஸ்ரீ இன்னார்’ என்று எழுதாமல் ‘பத்மஸ்ரீ விருது பெற்ற இன்னார்’ என்று எழுதினால் சிக்கலில்லை.

இரங்கல் சுவரொட்டியை இரவோடு இரவாக அச்சிடுவதால் பிழைகள் அதில்தான் மிகுதி. கத்தோலிக்கக் குரு இறைவனடி சேர்ந்தார் என்றும், ஹஜ்ரத் வஃபாத்தானார் என்றும், வைணவ மடத்துத் தலைவரான ஜீயர் பரமபதித்தார் என்றும், சைவ மடத்துத் தலைவர் முக்தியடைந்தார் என்றும் எழுதுவது மரபு. இஸ்லாமியரின் நல்லடக்கம் பெரும்பாலும் தாமதமின்றி நடந்துவிடுவதால், அந்தச் சுவரொட்டியில் அடைமொழிகளைக் குறைத்து, இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை எந்தப் பள்ளிவாசலில் எத்தனை மணிக்கு என்பதை முதல் வரியிலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும்.