வெந்தயமும் மாத்திரையும்

போன வருஷம் ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 172. காரைக்குடியில் மாசத்துக்கு நாலு விசேஷம். வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் இலையில் விழுந்தால் ஒதுக்க மனசு வராது. டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எழுதினார். மூன்று மாதம் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கிறேனே என்றேன். சரி என்றார்.

ஆயா சொன்னது வெந்தயம். இரவு இரண்டு ஸ்பூன் ஊறப்போட்டால் காலையில் கொழகொழவென்று விரலில் ஒட்டும். அந்தக் கொழகொழப்புதான் விஷயமே, கரையும் நார்ச்சத்து. குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். புதுப் பித்தம் செய்ய ஈரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். கசப்புக்கு மோர் துணை. முதல் வாரம் வயிறு உப்பியது, வியர்வையிலும் வெந்தய வாசம்!

நாட்டு மருந்துக் கடையில் குக்குலு என்ற மரப்பிசினும் வாங்கச் சொன்னார்கள். 2003-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் அதைச் சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் கூடத்தான் செய்தது. வேண்டாமென்று வந்துவிட்டேன்.

மூன்று மாதத்தில் 141. பொரித்த பலகாரத்தையும் நிறுத்தியிருந்தேன், அதனால் முழுப் பெயரையும் வெந்தயத்துக்குக் கொடுக்க மாட்டேன். அப்புறம் டாக்டர் சிறு அளவில் மாத்திரையும் சேர்த்தார். இப்போது வெந்தயம் காலையில், மாத்திரை ராத்திரியில்.