தனியாக நிற்கும் கார் ஷெட்டுக்கு வயர்லெஸ் கேமரா தேர்ந்தெடுப்பது எப்படி

போர்ட்டிகோவுக்கு எந்த கேமராவை வாங்கி மாட்டினாலும் ஓரளவு ஒப்பேறிவிடும். ரவுட்டர் பக்கத்திலேயே இருக்கும், பிளக் பாயின்ட் இருக்கும், சத்தம் கேட்டால் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிடலாம். கொல்லையில் கிணற்றைத் தாண்டி இருபது முப்பது மீட்டர் தள்ளி நிற்கிற ஷெட்டுக்கு இதெல்லாம் கிடையாது. அதனால் எத்தனை மெகாபிக்சல், என்ன ஆஃபர் என்று பார்க்க உட்காரும் முன், ஷெட்டில் போய் நின்று பாருங்கள்.

முதலில் சிக்னல். ஷட்டரை மூடிவிட்டு, கேமரா வரப்போகும் உயரத்தில் போனைத் தூக்கிப் பிடித்து வைஃபை எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும். எத்தனை கோடு தெரிகிறது என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டால் டிபிஎம் கணக்கில் மைனஸ் எண்ணாகக் காட்டும். மைனஸ் 67க்குள் இருந்தால் தாராளமாக ஓடும், 75ஐ நெருங்கினால் படம் நின்று நின்று வரும், 80ஐத் தாண்டினால் அங்கே வைஃபை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அளக்கும்போது போன் 2.4 கிகாஹெர்ட்ஸில் சேர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள், ஏனென்றால் வீட்டு உபயோகத்துக்கு வரும் வயர்லெஸ் கேமராக்களில் பல அதில் மட்டும்தான் வேலை செய்யும், சுவரைத் தாண்டித் தூரம் போவதும் 5 கிகாஹெர்ட்ஸைவிட அதுதான். தகரக் கூரையும் ரோலிங் ஷட்டரும் சிக்னலுக்குப் பெரிய எதிரி. ஷெட்டுக்குள் சுத்தமாக வரவில்லை என்றாலும், வீட்டைப் பார்த்த வெளிச்சுவரில் நன்றாகவே வரலாம், அங்கேயும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

எங்குமே வரவில்லை என்றால் வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரை வாங்கி ஷெட்டுக்குள் மாட்டுகிறார்கள் பலர். வராத சிக்னலை அது எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்? அதை வைக்க வேண்டியது நடுவழியில், பின்பக்க ஜன்னலோரம் மாதிரி ஓர் இடத்தில். அதைவிட உறுதியானது, வெளியில் மாட்டும் வகை ஆக்சஸ் பாயின்ட் (ரவுட்டரோடு இணைத்து வைஃபை பரப்பும் கருவி) ஒன்றை வீட்டின் பின்சுவரில் ஷெட்டைப் பார்த்து வைப்பது. குழி தோண்டிக் குழாய்க்குள் லேன் கேபிள் கொண்டுபோக வழி இருந்தால் 100 மீட்டர் வரை பிரச்சினை இல்லை. வீட்டிலேயே பிராட்பேண்ட் இல்லை, அல்லது ஷெட் தோட்டத்துப் பக்கம் ரொம்பத் தள்ளி இருக்கிறது என்றால் 4ஜி சிம் போடும் கேமராதான் சரி. அதில் டேட்டாவைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்: நொடிக்கு 1 மெகாபிட், அதாவது 1 எம்பிபிஎஸ் வேகத்தில் லைவ் பார்த்தாலே ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி போய்விடும், தினம் 1.5 ஜிபி பிளானில் அது மூன்று மணி நேரம் சொச்சம்தான்.

அடுத்தது கரண்ட். பெட்டியில் வயர்லெஸ் என்று போட்டிருந்தாலும் முக்கால்வாசி கேமராவுக்கு அடாப்டர் சொருகியே ஆக வேண்டும், படம் மட்டும்தான் வயர் இல்லாமல் வரும். ஷெட்டில் ஒரு பல்பு பாயின்ட் இருந்தாலும் போதும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதிலிருந்து பிளக் எடுத்து அடாப்டர் கேமராவையே வாங்குங்கள். பேட்டரி கேமரா பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும், உடம்புச் சூட்டை உணரும் பிஐஆர் சென்சார் தட்டி எழுப்பினால்தான் பதிவு செய்யும், எழுந்திருக்கும் அந்த ஒரு நொடியில் ஆள் பாதி தூரம் கடந்திருப்பான். நம் ஊர் வெயிலில் இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த சென்சார் பார்ப்பது உடம்புச் சூட்டுக்கும் பின்னணிச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. சித்திரை வைகாசியில் பகலெல்லாம் காய்ந்த சுவரும் தரையும் சாயங்காலம் உடம்புச் சூட்டுக்கு வந்து நிற்கும்போது வித்தியாசம் குறைந்து, ஆளைக் கவனிக்காமல் விட்டுவிடும். நேராக வருகிறவனைவிடக் குறுக்கே நடப்பவனைத்தான் அது நன்றாகப் பிடிக்கும், ஆகவே பேட்டரி கேமராதான் ஒரே வழி என்றால் நடைபாதைக்குப் பக்கவாட்டில் மாட்டுங்கள். அதற்குச் சார்ஜ் ஏற்றும் சோலார் பேனல் நிழல் விழாத இடத்தில் தெற்குப் பார்த்து லேசான சாய்வில் இருக்கட்டும். தென்னை நிழலில் வைத்துவிட்டு ஐப்பசி மழையில் சார்ஜ் ஏறவில்லை என்றால் அதற்குக் கேமராவைக் குறை சொல்ல முடியாது. பேட்டரியைத் தகரக் கூரைக்கு ஒட்டி வைக்கவும் வேண்டாம், லித்தியத்துக்குச் சூடு ஆகாது.

கரண்ட் கட் ஆகும் நேரத்தையும் யோசியுங்கள். ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் போட்டால் மட்டும் போதாது, ஷெட்டில் கேமராவுக்கும் ஒன்று வேண்டும். ரவுட்டரும் கேமராவும் சாதாரணமாக 12 வோல்ட்தான், ஆனால் சில கேமராக்கள் 5 வோல்ட், வாங்கும்போது அடாப்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

சரி, இப்போது மெகாபிக்சலுக்கு வரலாம். கேமராவில் ஆள் தெரிவதும் முகம் தெரிவதும் வேறு வேறு. தெரியாத ஒருவரை அடையாளம் சொல்ல, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சலாவது விழ வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பின்பற்றும் கணக்கு. 1080பி படத்தின் அகலம் 1920 பிக்சல், அதாவது ஏழரை மீட்டர் அகலம் வரைக்கும்தான் தாங்கும். 2.8 எம்எம் லென்ஸ் பரந்து பார்க்கும் என்பதால் மூன்று மீட்டர் தூரத்திலேயே அந்த அகலம் வந்துவிடும். அதற்கப்பால் நிற்பவன் கட்டம் போட்ட சட்டை என்று தெரியும், யாரென்று தெரியாது. 4 எம்எம் லென்ஸும் 4 மெகாபிக்சலும் எடுத்தால் இந்தத் தூரம் ஐந்து மீட்டரைத் தாண்டும். ஷெட்டுக்கு நான் சொல்வது இதைத்தான். சுற்றுவட்டாரம் முழுவதும் தெரிய வேண்டும் என்று ஆசைப்படாமல், பூட்டுக்கு முன்னால் வந்து நிற்பவனின் முகத்தைக் குறிவையுங்கள். சுழலும் கேமரா ஒன்றைவிட அசையாத கேமரா இரண்டு மேல், ஏனென்றால் சுழல்வது எப்போதும் ஏதாவது ஒரு பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். உயரம் எட்டிலிருந்து பத்தடி போதும், அதற்கு மேலே போனால் தலையும் தொப்பியும்தான் பதிவாகும்.

ராத்திரிப் படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கேமரா இல்லை, மாட்டிய இடம். கூரை விளிம்புக்கு உள்ளே தள்ளி மாட்டினால், இருட்டில் கேமரா அடிக்கும் இன்ஃப்ராரெட் வெளிச்சம் பக்கத்துத் தகரத்திலேயே பட்டுத் திரும்பி, அந்த மூலை வெள்ளையாகவும் தூரத்தில் இருப்பது கன்னங்கரேலென்றும் ஆகிவிடும். அப்புறம் சிலந்தி. கேமராவைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி லென்ஸுக்கு முன்னாலேயே வலை கட்டும், காற்றில் ஒரு இழை ஆடினால்கூடப் பெரிய வெள்ளைக் கயிறு போலத் தெரிந்து ராத்திரி முழுக்க எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் எச்சரிக்கையையே அணைத்துவிடுவீர்கள், அப்புறம் கேமரா இருந்தும் பயன் இல்லை. வாரம் ஒருமுறை ஒட்டடைக் கம்பால் சுற்றிலும் துடையுங்கள், ஆள் என்று பிரித்தறியும் வசதியுள்ள மாடலாகவும் பாருங்கள். மழை படும் இடமென்றால் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி66 தரம் போதும்.

பதிவு எங்கே சேர்கிறது என்பதைக் கடையில் அவசியம் கேளுங்கள். மெமரி கார்டு மட்டும் என்றால், கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போகிறவன் ஆதாரத்தையும் சேர்த்தே எடுத்துப் போவான். மாதக் கட்டணம் கட்டி கிளவுடில் வைக்கலாம், அல்லது ஆன்விஃப் வசதி (வேறு கம்பெனிக் கருவிகளோடும் சேர்ந்து வேலை செய்யும் பொது முறை) உள்ள கேமராவாக எடுத்து வீட்டுக்குள் என்விஆர் என்ற பதிவுப் பெட்டியை வைத்துக்கொள்ளலாம், பேட்டரி கேமராக்களில் இந்த வசதி அரிது. கார்டில் ‘ஹை எண்டியூரன்ஸ்’ (ஓயாமல் பதிவு செய்தாலும் தாங்கும் வகை) என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 1 எம்பிபிஎஸ்ஸில் நிற்காமல் பதிவானால் நாளுக்கு 10.8 ஜிபி, 128 ஜிபி கார்டு பதினோரு நாள் தாங்கும்.

பேர் தெரியாத மலிவுச் சரக்கு மட்டும் வேண்டாம். இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து பாதுகாப்புச் சோதனையும், அரசின் தர அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவும் கட்டாயம், பெட்டியில் அந்தப் பதிவு எண்ணைத் தேடுங்கள். மாட்டியதும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற வைரஸ் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது, கம்பெனி வைத்த பாஸ்வேர்டையே யாரும் மாற்றாமல் விட்டதால்தான்.

திருகாணியை முறுக்கும் முன், ரிட்டர்ன் நாள் தாண்டுவதற்குள், கேமராவை அந்த இடத்தில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு ராத்திரி ஒருமுறை பாருங்கள். வீட்டில் யாரையாவது விளக்கெல்லாம் அணைத்தபின் ஷெட் பூட்டு வரை நடக்கச் சொல்லி, அந்தப் பதிவை போனில் பெரிதாக்கிப் பாருங்கள். முகம் தெரியவில்லை என்றால் கொஞ்சம் இறக்கியோ பக்கத்தில் நகர்த்தியோ மறுபடி நடக்கச் சொல்லுங்கள். அப்போதும் தெரியவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு 4 எம்எம் லென்ஸ் உள்ளதை வாங்குங்கள்.