கையைக் காட்டி சென்சாரைச் சோதிக்காதீர்கள்

சிங்கப்பூர் செனோக்கோவில் ஓர் உணவுக் கம்பெனியில் பராமரிப்பு வேலை எனக்கு. அரிசி மாவு விழும் பிளாஸ்டிக் ஹாப்பரில் (புனல் மாதிரித் தொட்டி) மாவு இருக்கிறதா, தீர்ந்ததா என்று சொல்வது வெளியே ஒட்டி மாட்டிய கெப்பாசிட்டிவ் சென்சார். புதிதாக வரும் தம்பிகள் அதன் முன்னால் கையை நீட்டி, விளக்கு எரிந்ததும் "ஓகே அண்ணே" என்பார்கள். ஓகே இல்லை.

சென்சாரின் முகப்புக்குப் பின்னால் ஓர் உலோகத் தகடு. அதற்கு முன்னால் மின்புலம் பரவி நிற்கும். அதற்குள் ஏதாவது வந்தால் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் திறன், கூடும். குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் அவுட்புட் மாறும். வருவது உலோகமாக இருக்க வேண்டியதில்லை, அதன் மின்காப்பு மாறிலி (அந்தத் திறனை ஒரு பொருள் எவ்வளவு கூட்டும் என்று சொல்லும் எண்) காற்றைவிடக் கூடுதலாக இருந்தால் போதும். காற்றுக்கு 1, பிளாஸ்டிக்குக்குப் பொதுவாக 2 முதல் 4, தண்ணீருக்கு ஏறக்குறைய 80. நம் கையில் பெரும்பகுதி தண்ணீர்தானே! அதைத் தள்ளி இருக்கும்போதே பிடித்துவிடும். காய்ந்த மாவுக்கு அவ்வளவு தூரம் எட்டாது.

ஆகவே மாவை வைத்தே செட் பண்ணுங்கள். பிரௌன் வயரில் 24 வோல்ட், நீலத்தில் 0, கறுப்பில் சிக்னல். முகப்பு ஹாப்பர் சுவரில் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கட்டும். சுவர் ஸ்டீல் என்றால் வெளியிலிருந்து பார்க்கவே முடியாது, துளை போட்டுத்தான் மாட்ட வேண்டும்.

ஹாப்பரைக் காலி செய்யுங்கள். சுவரில் படிந்த மாவைத் துடைக்காதீர்கள், தினமும் அது இருக்கத்தான் போகிறது. சென்சாரின் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் பின்பக்கத் திருகைச் சிறிய ஸ்க்ரூடிரைவரால் மெல்லக் கூட்டுங்கள். விளக்கு எரிந்தால், அது சுவரையே பார்க்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தை நினைவில் வைத்து, சென்சாருக்கு மேல் வரை மாவைக் கொட்டுங்கள். இப்போது விளக்கு அணையும்வரை திருகைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், எத்தனை சுற்று என்று எண்ணியபடி. ஆறு சுற்று வந்தால் மூன்று சுற்று திரும்பக் கூட்டி நிறுத்துங்கள். ஒரு சுற்றுகூட வரவில்லையா? அந்த இடத்தில் சுவர் தடிமனாக இருக்கலாம்; மெல்லிய இடம் பாருங்கள்.

ஒரு நைட் ஷிஃப்டில் ஹாப்பரைக் கழுவிவிட்டுக் காயவைக்காமல் ஓட்டினோம். நம்ம ஊர் ஈரக் காற்றில் அது எங்கே காய்வது! உள்சுவரில் இருந்த தண்ணீர்ப் படலத்தை மாவு என்று நினைத்துக்கொண்டது சென்சார். பேக்கிங் மெஷின் வெறும் பாக்கெட்டுகளை வரிசையாக ஒட்டித் தள்ளியது. செட்டிங் பண்ணியது நான்தான். இப்போது கழுவிய பிறகு விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாவைக் கொட்டச் சொல்கிறேன்.