ஒரு நேரத்தில் ஒரு வேலை

"கொப்பியை எடுத்து வை, கை காலைக் கழுவு, பிறகு வந்து கணக்கைச் செய்." குசினிக்குள் இருந்தபடி இப்படிச் சொன்னால், ஏடிஎச்டி (கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதும் அமைதியாக இருப்பதும் கடினமாகும் நிலை) உள்ள பிள்ளை கிணற்றடிக்குப் போய் வாளியோடு விளையாடிக்கொண்டு நிற்கலாம். சொல்வழி கேளாத பிள்ளை என்று அடிக்காதீர்கள். கேட்டதை வேலை முடியும்வரை மனதில் பிடித்து வைத்திருப்பது இவர்களில் பலருக்குக் கடினம். அதே பிள்ளை கார்ட்டூனுக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் அசையாமல் இருக்கும், அதுவும் உண்மைதான். கவனம் இருக்கிறது, அதை வேண்டிய இடத்துக்குத் திருப்பி அங்கேயே நிறுத்துவதுதான் கஷ்டம்.

அதனால் கிட்டப் போங்கள். தோளில் கை வைத்து, முகம் பார்த்து, ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். "இப்ப என்ன செய்யப்போறாய்?" என்று கேளுங்கள். பிள்ளை தன் வாயால் சொல்லட்டும். முடித்த உடனேயே, "சொன்னவுடன கழுவிப்போட்டாய், நல்ல பிள்ளை" என்று பாராட்டிவிட்டு அடுத்ததைச் சொல்லுங்கள். பாராட்டை இரவுக்குத் தள்ளிப்போட்டால் பலன் குறைவு.

படிக்கும் மேசையைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். பாண்காரரின் ஆட்டோப் பாட்டுக் கேட்டாலே மனம் வீதிக்கு ஓடிவிடும். 10 நிமிடம் படிப்பு, பிறகு எழும்பி ஒரு சின்ன நடை.

12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் 6 மாதத்துக்கு மேல் இப்படியே இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது வகுப்பு ஆசிரியர் கவனித்ததையும் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.