பிச்சாவரம் போகும்போது பையில் ஒரு போலரைசர்

பிச்சாவரத்தில் படகிலிருந்து எடுத்த படங்களை வீட்டுக்கு வந்து பார்த்தால், தண்ணீர் முழுக்க வெள்ளைப் பளபளப்பு, சுரபுன்னை இலைகள் வெளுத்துக் கிடந்தன. எனக்கு இரண்டு முறை இப்படி ஆனது. எடிட்டிங்கில் இதைச் சரிசெய்ய முடியாது. பளபளப்பு மறைத்த நிறம் கேமராவுக்குள் வரவே இல்லையே!

அதற்குத்தான் சர்குலர் போலரைசர் என்ற, பளபளப்பை வடிகட்டும் கண்ணாடி ஃபில்டர். லென்ஸ் முன்னால் திருகி மாட்டி, வெளி வளையத்தை மெல்லத் திருப்பியபடி திரையைப் பாருங்கள். ஓரிடத்தில் பளபளப்பு அடங்கி, பச்சை எழுந்து வரும். அங்கே நிறுத்துங்கள். கேமராவை நெடுக்குவாக்கில் பிடித்தால் வளையத்தையும் மறுபடி திருப்ப வேண்டும். நிறைய பேர் மறப்பது இதைத்தான். வானம் நன்றாக நீலமாக வர, சூரியன் உங்கள் தோள்பக்கம் இருக்கட்டும்.

வெளிச்சம் 1 முதல் 2 ஸ்டாப் வரை குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). படகு வேறு ஆடும். அதனால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 400க்கு ஏற்றி, ஷட்டர் வேகத்தை 1/250 நொடிக்குக் கீழே விடாதீர்கள். 16 மி.மீ. போன்ற அகல லென்ஸில் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கருநீலத் திட்டு விழும்; அப்போது போலரைசரைக் கழற்றிவிடுவதே மேல்.

வாங்கும்போது லென்ஸ் மூடியின் உள்பக்கம் 58, 67, 77 என்று என்ன எண் இருக்கிறது என்று பார்த்து அதே அளவில் வாங்குங்கள்.

அப்புறம் எடிட்டிங். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்து, லைட்ரூம் மென்பொருளிலோ இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிளிலோ ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிகளை) குறைத்து, ஷேடோஸை (நிழலான பகுதிகளை) கொஞ்சம் ஏற்றினால் போதும். நிறத்தின் அடர்த்தியைக் கூட்டும் சாச்சுரேஷனைத் தொடாதீர்கள். பச்சை ஏற்கெனவே தூக்கலாக இருக்கிறது. இன்னும் ஏற்றினால் காடு பிளாஸ்டிக் செடி மாதிரி ஆகிவிடும்.