கன்னியாகுமரி நாடாளுமன்றத் தொகுதி வரலாறு: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மக்களவைத் தேர்தல் வரும்போதெல்லாம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இங்கு வென்ற உறுப்பினர்களின் பழைய பட்டியல் ஒன்று மீண்டும் கைமாறத் தொடங்குகிறது. மார்ஷல் நேசமணியில் தொடங்கி விஜய் வசந்த் வரை வரும் அந்தப் பட்டியலில் பெயர்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. பெயருக்கு எதிரே எழுதப்படும் கட்சியும் தலைப்பில் எழுதப்படும் தொகுதியும்தான் தவறிவிடுகின்றன. சிறப்பு மலர்களிலும் போட்டித் தேர்வுக் குறிப்புகளிலும் அதே பிழைகள் படியெடுக்கப்பட்டு, கடைசியில் இத்தொகுதி தொடக்கம் முதலே காங்கிரஸின் கோட்டை என்ற ஒற்றை வரியில் வந்து முடிகின்றன. அந்த வரியே மிகப் பெரிய தவறு என்பதால், அதை முதலில் பார்ப்பது நல்லது.

1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் நாகர்கோவிலில் (இத்தொகுதியின் அன்றைய பெயர்) நேசமணி வென்றது உண்மை. ஆனால் அவர் வென்றது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் வேட்பாளராக. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு இணைக்க வேண்டும் என்ற கோரிக்கைக்காகவே தோன்றிய அந்தக் கட்சி, அந்தக் கோரிக்கையை ஏற்காத காங்கிரஸை எதிர்த்துத்தான் களத்தில் நின்றது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்து இம்மாவட்டம் உருவானது. ஆகவே முதல் தேர்தலின் முடிவைச் சென்னை மாநிலப் பக்கத்தில் தேடுபவருக்கு அது கிடைக்காது. திருவிதாங்கூர்-கொச்சியின் பக்கத்தைத்தான் புரட்ட வேண்டும். எல்லைப் போராட்டத்தில் உயிர் கொடுத்தவர்களின் ஊர்களிலேயே இந்த வேறுபாட்டை மறந்து எழுதுவது வருத்தத்துக்குரியது.

1957இல் தாணுலிங்க நாடாரும், 1962லும் 1967லும் நேசமணியும் காங்கிரஸ் வேட்பாளர்களாக வென்றனர். 1967இல் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் காங்கிரஸுக்குக் கிடைத்த மூன்றில் நாகர்கோவிலும் ஒன்று. நேசமணி 1968இல் மறைந்ததால் 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் காமராசர் வென்றார். இங்கே இரண்டு பிழைகள் வழக்கமாக நேர்கின்றன. பொதுத்தேர்தல்களை மட்டும் கணக்கிடுபவர்கள் இந்த வெற்றியை விட்டுவிட்டு, காமராசர் 1971இல்தான் இத்தொகுதிக்கு வந்தார் என்று எழுதுகிறார்கள். வேறு சிலர் 1969ஆம் ஆண்டுக்கே 'ஸ்தாபன காங்கிரஸ்' (காங்கிரஸ் பிளந்தபோது இந்திரா காந்தியை எதிர்த்த, காமராசர் இருந்த பிரிவு) என்று குறித்துவிடுகிறார்கள். கட்சி பிளந்தது அந்த ஆண்டின் இறுதியில்தான். காமராசர் 1967இல் விருதுநகரில் தோற்றது சட்டமன்றத் தேர்தலில் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1971 வெற்றியைத்தான் மிகவும் கவனமாக எழுத வேண்டும். ஸ்தாபன காங்கிரஸ் அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் வென்ற ஒரே மக்களவைத் தொகுதி நாகர்கோவில். இந்திரா காந்தி தலைமையிலான காங்கிரஸ் அப்போது தி.மு.க.வோடு எதிரணியில் இருந்தது. இன்றைய காங்கிரஸின் வெற்றிக் கணக்கில் 1971ஐச் சேர்ப்பவர்கள், அந்தக் கட்சிக்கு எதிராகக் கிடைத்த வெற்றியை அதன் பெயரிலேயே வரவு வைக்கிறார்கள். 1977இல் குமரி அனந்தன் வென்றதும் அந்த மரபில்தான். ஸ்தாபன காங்கிரஸ் ஜனதா கட்சியோடு கலந்துகொண்டிருந்த காலம் என்பதால் சில பட்டியல்களில் அந்தப் பெயரும் சிலவற்றில் இந்தப் பெயரும் காணப்படும். இரண்டையும் குறிப்பிடுவதே நேர்மை.

என். டென்னிஸ் 1980, 1984, 1989, 1991, 1996, 1998 என ஆறு முறை தொடர்ந்து வென்றவர். ஆறும் காங்கிரஸ் வெற்றிகள் அல்ல. 1996லும் 1998லும் அவர் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் வேட்பாளர். 1996இல் காங்கிரஸ் அ.தி.மு.க.வோடு சேர்ந்து எதிரே நின்றது.

1952 முதல் 2024 வரை 18 பொதுத்தேர்தல்களும் 2 இடைத்தேர்தல்களும் நடந்துள்ளன. பெயரில் 'காங்கிரஸ்' இருந்த எல்லாக் கட்சிகளையும் 1977ஐயும் சேர்த்தால் 20இல் 16 வெற்றிகள். இந்திய தேசிய காங்கிரஸை மட்டும் எண்ணினால் 11. அதிலும் 1991க்கும் 2019க்கும் இடையே 28 ஆண்டுகள் அக்கட்சிக்கு இங்கே ஒரு வெற்றியும் இல்லை. கோட்டை என்று எழுதுபவர்கள் இந்த இடைவெளியைக் கட்டாயம் விளக்க வேண்டும்.

அடுத்தது எல்லை. 2004 தேர்தல் வரை தொகுதியின் பெயர் நாகர்கோவில். 2008 தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் 2009 முதல் கன்னியாகுமரி. இதைப் பெயர் மாற்றம் என்று மட்டும் எழுதுவது போதாது. முன்பு மாவட்டத்தில் ஏழு சட்டமன்றத் தொகுதிகள் இருந்தன. அவற்றில் கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில் இருந்தது. திருவட்டார் தொகுதி நீக்கப்பட்டு, திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியும் இல்லாமல் போன பிறகே மாவட்டத்தின் ஆறு தொகுதிகளும் ஒரே நாடாளுமன்றத் தொகுதிக்குள் வந்தன. 2004இல் கன்னியாகுமரி ஊரில் வாக்களித்தவர், அந்த ஆண்டு நாகர்கோவிலில் வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மினைத் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவர் அல்லர். எனவே 2004ஆம் ஆண்டின் வாக்கு எண்ணிக்கையையும் 2009ஆம் ஆண்டின் எண்ணிக்கையையும் நேரடியாகக் கழித்துப் பார்த்து ஏற்றம், சரிவு என்று எழுதக் கூடாது.

ஒவ்வொரு முடிவையும் மதக் கணக்கால் மட்டுமே விளக்குவது இன்னொரு பழக்கம். இந்துக்களும் கிறித்தவர்களும் ஏறத்தாழச் சம அளவில் வாழும் மாவட்டம் என்பதால் அந்தக் கணக்கை ஒதுக்க முடியாது; அதுவே முழு விடையும் ஆகாது. 1999இல் பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன் வென்றபோது தி.மு.க. அவரோடு இருந்தது, 2004இல் தி.மு.க. எதிரணிக்குப் போனது, அவர் தோற்றார். 2014இல் காங்கிரஸ், தி.மு.க., அ.தி.மு.க., மார்க்சிஸ்ட் கட்சி என எல்லோரும் தனித்தனியே நிற்க, அவர் 3,72,906 வாக்குகளோடு 1,28,662 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2019இல் அ.தி.மு.க. கூட்டணியோடு நின்று 3,67,302 வாக்குகள் பெற்று, 2,59,933 வாக்கு வித்தியாசத்தில் காங்கிரஸின் வசந்தகுமாரிடம் தோற்றார். அவருடைய வாக்குகளில் ஏற்பட்ட குறைவு ஆறாயிரத்துக்கும் கீழே. வெற்றியைத் தோல்வியாக மாற்றியது, எதிரே பிரிந்து கிடந்த வாக்குகள் ஒன்று சேர்ந்ததுதான். வித்தியாசத்தை மட்டும் பார்த்து, பா.ஜ.க.வின் ஆதரவு கரைந்துவிட்டது என்று அன்று எழுதியவர்கள் பலர். இரு வேட்பாளர்களின் மொத்த வாக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

'முதல்' என்ற சொல்லையும் ஆராயாமல் எழுதக் கூடாது. தமிழ்நாட்டின் முதல் பா.ஜ.க. மக்களவை உறுப்பினர் பொன். ராதாகிருஷ்ணன் என்பது தவறு. 1998லேயே கோவை, நீலகிரி, திருச்சி ஆகிய மூன்று தொகுதிகளில் அக்கட்சி வென்றிருந்தது. கோவையில் வென்றவர் சி.பி. ராதாகிருஷ்ணன் என்பதால் இரு பெயர்களும் குழம்புகின்றன. இம்மாவட்டத்துக்கு உரிய 'முதல்' வேறு: 1996இல் பத்மநாபபுரத்தில் வென்ற சி. வேலாயுதன், தமிழ்நாட்டு சட்டமன்றத்தில் பா.ஜ.க.வின் முதல் உறுப்பினர். தி.மு.க. இந்த மக்களவைத் தொகுதியில் முதன்முதலில் வென்றது 2009இல், ஹெலன் டேவிட்சன் வழியாக. தொகுதியின் முதல் பெண் உறுப்பினரும் அவரே.

கடைசியாக, ஒரே நாளில் நடந்த இரண்டு தேர்தல்களைக் கலக்காதிருக்க வேண்டும். வசந்தகுமார் 2020 ஆகஸ்டில் மறைந்ததால், 2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தலோடு மக்களவை இடைத்தேர்தலும் நடந்தது. மாவட்டத்தின் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். மக்களவைக்குக் காங்கிரஸின் விஜய் வசந்த் தேர்வானார். அதே நாளில் நாகர்கோவில் சட்டமன்றத் தொகுதியில் பா.ஜ.க.வின் எம்.ஆர். காந்தியும், கன்னியாகுமரியில் அ.தி.மு.க.வின் தளவாய் சுந்தரமும் வென்றனர். 2024இல் மக்களவைப் பொதுத்தேர்தலோடு விளவங்கோடு சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தது. அந்த ஆண்டின் விளவங்கோடு எண்ணிக்கையை எடுத்தாளும்போது, அது எந்தத் தேர்தலுக்கு உரியது என்று பார்த்து எழுத வேண்டும்.