குளிர்காலத்தில் வீட்டுக்குள் பூ விதைத்து நாற்று எடுப்பது எப்படி?

வீட்டுக்குள் வளர்க்கும் பூ நாற்றுகள் வீணாவதற்குக் குளிர் காரணமாக இருப்பது அரிது. வெளிச்சம் போதாமலும் தண்ணீர் அதிகமாகியும்தான் பெரும்பாலானவை சாகின்றன. இந்த இரண்டையும் கவனித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

எப்போது விதைப்பது

உங்கள் பகுதியில் கடைசி உறைபனி வழக்கமாக எப்போது விழும் என்று தெரிந்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பெட்டூனியாவுக்கு 10 முதல் 12 வாரம், ஸ்னாப்டிராகனுக்கு 8 முதல் 10 வாரம், செண்டுமல்லிக்கு 6 முதல் 8 வாரம். ஜினியா, காஸ்மோஸ் இரண்டுக்கும் 4 வாரமே போதும். ஆசைப்பட்டு ஜினியாவை முன்கூட்டியே விதைத்தால், வெளியே நடும் நாள் வருவதற்குள் வேர் நாற்றுத்தட்டின் குழிக்குள் சுருண்டு, செடி வளர்ச்சி நின்றுபோகும். கொஞ்சம் தாமதமாக விதைத்த நாற்றே பெரும்பாலும் முந்திக்கொண்டு பூக்கும்.

கலவையும் தட்டும்

தோட்டத்து மண் வேண்டாம். தட்டில் அது இறுகிவிடும், பூஞ்சையையும் கூடவே கொண்டுவரும். கோகோபீட் (தென்னை நார்த் தூள்) 2 பங்கு, பெர்லைட் 1 பங்கு, வெர்மிகுலைட் 1 பங்கு (இவை இரண்டும் லேசான தாதுத் துகள்கள்) கலந்துகொள்ளுங்கள். கோகோபீட்டை முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிவிடுங்கள், அதில் உப்பு தங்கியிருக்கலாம். கலவையை நனைத்து ஒரு பிடி எடுத்து அழுத்தினால் ஓரிரு சொட்டுதான் வடிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம்.

அடியில் ஓட்டையுள்ள குழித்தட்டு நல்லது. பழைய தட்டு என்றால் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து எடுங்கள்.

விதைத்தல்

பொதுவாக, விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழம் போதும். ஆனால் பெட்டூனியா, ஸ்னாப்டிராகன் விதைகள் முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலே தூவி, விரலால் மெல்ல அழுத்திவிட்டு, மேலே கலவை போட்டு மூடாமல் விடுங்கள். தூள் மாதிரி இருக்கும் இந்த விதையைக் காய்ந்த மெல்லிய மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொட்டாது. பான்சி, வெர்பினா இதற்கு நேர்மாறு. இவற்றைக் கலவையால் மூடி, முளைக்கும்வரை இருட்டில் வைக்க வேண்டும்.

குழிக்கு 2 விதை போடுங்கள். இரண்டும் முளைத்தால் பலவீனமானதைக் கத்தரியால் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் சேர்ந்து அறுபடும்.

ஈரம் காயாமல் இருக்க, ஒளி ஊடுருவும் மூடியோ பிளாஸ்டிக் தாளோ போட்டு, கலவையின் சூடு 20 முதல் 24 டிகிரி இருக்கும்படி வையுங்கள். செண்டுமல்லி ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். பெட்டூனியாவுக்கு இரண்டு வாரம்வரை ஆகலாம், அதற்குள் கிளறிப் பார்க்காதீர்கள்.

முளைத்த அன்றே

முதல் முளை தெரிந்ததும் மூடியை எடுத்துவிட்டு, விளக்கின் கீழே வையுங்கள். குளிர்கால ஜன்னல் வெளிச்சத்தை நம்ப வேண்டாம். பகல் குறுகியது, வெயிலும் சாய்வாக வந்து சீக்கிரம் மங்கிவிடும். சாதாரண வெள்ளை எல்இடி டியூப் போதும். ஆனால் அது நாற்றின் தலைக்கு மேல் 5 முதல் 10 செ.மீ. உயரத்திலேயே இருக்க வேண்டும். நாற்று வளர வளர விளக்கையும் உயர்த்துங்கள். ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும், இரவில் அணைத்துவிடுங்கள்.

வெளிச்சம் குறைந்தால் அது இரண்டே நாளில் தெரியும். தண்டு நூல்போல நீண்டு, வெளிறி, ஒரு பக்கமாகச் சாயும். அப்படி நீண்ட தண்டு மறுபடி குட்டையாகாது. செண்டுமல்லியானால் தப்பிக்க வழி உண்டு: மாற்றி நடும்போது வித்திலை (முளையில் முதலில் வரும் இலை ஜோடி) வரை புதைத்துவிடுங்கள், தண்டிலேயே வேர் விடும்.

தண்ணீரும் நாற்றழுகலும்

நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலையில் படுத்துக் கிடக்கும். குனிந்து பார்த்தால், மண் மட்டத்தில் தண்டு கிள்ளிவிட்டதுபோல மெலிந்து, பழுப்பாகி, நீர் கோத்திருக்கும். இதுதான் நாற்றழுகல். விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. அந்தக் குழியைக் கலவையோடு அப்புறப்படுத்தி, மற்றவற்றை லேசாகக் காயவிடுங்கள்.

வராமல் தடுக்க, மேலிருந்து ஊற்றாமல், கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய அகலப் பாத்திரத்தில் தட்டை 15 நிமிடம் வைத்து எடுத்துவிடுங்கள். மேற்பரப்பு நிறம் வெளுத்த பிறகுதான் அடுத்த தண்ணீர். சிறிய மின்விசிறியைத் தள்ளி வைத்து மெதுவாக ஓடவிட்டால் மேற்பரப்பு காய்வதோடு தண்டும் உறுதிப்படும்.

மாற்றி நடுதல்

முதலில் வரும் ஜோடி வித்திலைகள். அடுத்து அந்தச் செடிக்கே உரிய இலைகள் வரும். அவை இரண்டு ஜோடி வந்ததும் 8 செ.மீ. தொட்டிக்கு மாற்றுங்கள். இலையைப் பிடித்துத் தூக்குங்கள். இலை போனால் வேறு துளிர்க்கும், தண்டு நசுங்கினால் நாற்றே போயிற்று. அதன்பின் வாரம் ஒருமுறை, பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்கு திரவ உரம் போதும்.

வெளியே நடுவதற்கு 7 முதல் 10 நாள் முன்பிருந்தே பழக்குங்கள். முதல் நாள் நிழலில், காற்று படாத இடத்தில் ஒரு மணி நேரம். பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டி, மெல்ல வெயிலுக்கு நகர்த்துங்கள். நேராக வெயிலில் வைத்தால் இலை வெள்ளைத் திட்டாகக் கருகும். ஜினியாவை மட்டும், இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் வரும்வரை உள்ளேயே வைத்திருங்கள்.